தூரத்து ரீச்சரும் என் மணிக்கட்டும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதித் தருகிறேன். மேடையில் நேரம் போதாமல் விட்ட இரண்டொரு விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன்.)



எனக்கு மேடைப்பேச்சு பழக்கமில்லை. செயலாளர் அண்ணை போன் எடுத்து, "தங்கச்சி, நீர் இன்ரநெற்றிலை பியானோ பழகிறீராம், அதைப்பற்றிப் பத்து நிமிஷம் பேசுமன்" என்று கேட்டார். நான் பயந்துபோனேன். "அண்ணை, நான் இன்னும் ஒழுங்காய் வாசிக்க மாட்டன்" என்றேன். "வாசிக்கச் சொல்லேல்லை, பேசத்தான் சொன்னனான்" என்றார். ஆகவே வாசிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்தில் 2007ஆம் ஆண்டு ஏ.எல். எடுத்தேன், கலைப்பிரிவு. ஏ-9 பாதை பூட்டியிருந்த காலம். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. அதோடு என் படிப்பு நின்றது. 2012இல் இந்த நாட்டுக்கு வந்தேன். இப்போது இங்கே நியூ ஜேர்சியில் அழகுசாதனப் பொருள் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பின்னேரம் மூன்று மணிக்குப் போய் இரவு பதினொன்றரைக்கு முடியும் ஷிஃப்ட். கிறீம் போத்தலுக்கு மூடி இறுக்குவது, பெட்டியில் அடுக்குவது, லேபல் சரியா என்று பார்ப்பது. நாள் முழுக்கக் கைதான் வேலை செய்யும். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

சங்கீதத்தோடு எனக்கு இருந்த தொடர்பு மிகச் சின்னது. வட இலங்கைச் சங்கீத சபைச் சோதனையில் வாய்ப்பாட்டு மூன்றாந் தரம் வரை எடுத்தேன். அவ்வளவுதான். அதற்கு முன்பு, 90களில், எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. எங்கட அண்ணா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றுவார். டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவுக்கும் கசற்றுக்கும் கொடுத்திருக்கும். இங்கே இருக்கிற மூத்தவர்கள் பலர் அப்படித்தான் பாட்டும் செய்தியும் கேட்டிருப்பீர்கள். அண்ணாவுக்குக் கை உளைந்து சுற்றுவது குறைந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும். நாங்கள் சிரிப்போம், அண்ணா திரும்பவும் வேகமாகச் சுற்றுவார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஏழு வயது. அந்தச் சைக்கிளில்தான் அரிசியும் உடுப்பும் கட்டிக்கொண்டு போனோம். கசற்றுப் பெட்டி வீட்டோடு போய்விட்டது. அண்ணாவும் பிறகு இல்லை. அது வேறு கதை, இந்த நல்ல நாளில் வேண்டாம்.

இனிப் பியானோவுக்கு வருகிறேன்.

எனக்கு முதலில் ஆசை இருக்கவில்லை. மகளைத்தான் சேர்த்தோம். ஊரில் ஒரு சின்ன இசை வகுப்பு, வாரம் அரை மணித்தியாலம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது அந்த வகுப்பும் சூமுக்கு மாறியது. மகளுக்கு அப்போது ஏழு வயது. போனை யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் பின்னேரம் வேலைக்குப் போகிறபடியால் காலை நேரத்தில் பிடிக்கிற ஆள் நான்தான். ரீச்சர் அங்கே விரலை வைப்பார், மகள் இங்கே வைப்பாள், நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆறு மாதம் போன் பிடித்தவளுக்கு, பாடம் காதில் ஏறாமல் இருக்குமா?

2022இல் மகள் "அம்மா, எனக்கு உதைபந்துதான் விருப்பம்" என்று சொல்லிவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை. கீபோட் சும்மா கிடந்தது. 61 கட்டை உள்ள பழையது, அறுபது டொலருக்கு ஒரு வீட்டில் வாங்கினது. ஒருநாள் காலை அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, தூசு தட்டுவதற்காகத் துணியைப் போட்டு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் துடைத்தேன். கறுப்புக் கட்டைகளில் மட்டும் துணி இழுபட்டுச் சத்தம் வந்தது. மோகனம் மாதிரி ஒரு வாசம்! துணியை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். மூன்று கறுப்பு சேர்ந்து நிற்கும் இடத்தில் முதலாவதை 'ச' என்று வைத்து, கறுப்பை மட்டும் அமத்திக்கொண்டு மேலே போனால் ச ரி க ப த ச. அசல் மோகனம். அந்தக் கட்டைக்கு எஃப் ஷார்ப் என்று பெயர் என்பது பிறகுதான் தெரியும். தொடக்கம் அதுதான்.

சங்கீதம் பழகினவர்களுக்காக இன்னொன்று சொல்கிறேன், மற்றவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கோ. நாங்கள் பாடும்போது "ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை" என்று சுருதி சொல்கிறோமே, அது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணுகிற கணக்கு. சி என்கிற வெள்ளை ஒரு கட்டை, பக்கத்துக் கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு. சியில் தொடங்கி வெள்ளையில் மட்டும் போனால் சங்கராபரணத்தின் சுரங்கள். அதே வெள்ளைகளில் தொடங்கும் இடத்தை மாற்றினால் இராகம் மாறும். இரண்டாம் வெள்ளையில் இருந்து கரகரப்பிரியா, மூன்றாவதில் இருந்து தோடி, நாலில் கல்யாணி, ஐந்தில் அரிகாம்போதி, ஆறில் நடபைரவி. சரளி வரிசை பழகிய மாயாமாளவகௌளைக்கு மட்டும் இரண்டு கறுப்புத் தேவை. ஆனால் மூன்றாம் வெள்ளையில் தொடங்கிய தோடி தோடியாகக் கேட்காது. சுரம் இருக்கும், அசைவு இருக்காது. கட்டை ஒரே இடத்தில் நிற்கிறது, கமகம் எங்கிருந்து வரும்? இந்தக் குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தடைசெய்தது, 1971 வரைக்கும். ஆகவே பியானோவில் நான் தேடியது எங்கட சங்கீதத்தை அல்ல. வேறொரு சங்கீதத்தை, எங்கட காதால்.

பழகுவது எப்படி? வகுப்புக்குப் போகக் காசும் இல்லை, நேரமும் இல்லை. யூரியூப்பில் தேடினேன். அம்மாடி, எத்தனை பேர் படிப்பிக்கிறார்கள்! முதல் நாள் பாடம், இரண்டாம் நாள் பாடம் என்று வரிசையாக, இலவசமாக. மேலே இருந்து நிறக் கோடுகள் மழைபோல விழ, கோடு விழும் கட்டையை அமத்துகிற வீடியோக்களும் உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். போனில் ஒரு 'அப்'பும் இறக்கினேன். நீங்கள் வாசிப்பதைப் போன் கேட்டு, சரியென்றால் பச்சை காட்டும், நட்சத்திரம் தரும்.

காலை பத்து மணிக்குச் சோறு வடித்துவிட்டு உட்காருவேன். கீபோட் சாப்பாட்டு மேசையில், நான் சாப்பாட்டுக் கதிரையில். இரவு வேலை முடிந்து வந்தும் காதுக்குள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம். எட்டு மாதம் இப்படி. நட்சத்திரம் குவிந்தது. சின்னச் சின்னத் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு வாசிப்பேன். எனக்குப் பெருமை சொல்ல முடியாது. பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். செயலாளர் அண்ணைக்கும் அப்படித்தான் தெரியவந்திருக்கும்.

2023 பெப்ரவரியில் வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. முதலில் குளிர் என்று நினைத்தேன். பிறகு பெருவிரல் பக்கம் விறைத்தது. இரவு நித்திரையில் எழும்பிக் கையை உதறுவேன். வேலையில் மூடி இறுக்கும்போது போத்தல் வழுகி விழுந்தது, ஒரே ஷிஃப்டில் மூன்று தரம். லைனில் போத்தல் விழுந்தால் என்ன நடக்கும் என்று அங்கே நிற்கிறவர்களுக்குத் தெரியும். கிளினிக்கில் பட்டி ஒன்று தந்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வு! மணித்தியாலக் கூலிக்காரிக்கு ஓய்வென்றால் அந்தக் கிழமைச் சம்பளம் இல்லை என்று அர்த்தம். நாலு நாள் வீட்டில் நின்றேன், நாலு நாள் காசு போனது. இவர் ஒன்றும் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "இஞ்சை பாரும், உம்மட கை போனால் வாடகை ஆர் கட்டுறது? அந்தப் பியானோவை விடுமன்."

எனக்குக் கோபம் வந்தது. வேலையால் வந்த நோவுக்குப் பியானோவை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்? பத்து வருடமாக மூடி இறுக்குகிறேன், கை நோகாமல் இருக்குமா? ஆனால் மனதுக்குள் ஒரு சந்தேகம். பத்து வருடம் வராத நோ இந்த எட்டு மாதத்தில் ஏன் வந்தது?

அந்தக் கிழமைதான், கையில் பட்டியோடு வீட்டில் இருந்தபோது, மகள் ஒரு பாடசாலை வேலை கொண்டுவந்தாள். பெப்ரவரி கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் அல்லவா, நியூ ஜேர்சியில் பிறந்த ஒரு கறுப்பினக் கலைஞரைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு பேரும் தேடினோம். பியானோக்காரர்கள் நிறைய வந்தார்கள். ரெட் பாங்கில் 1904இல் பிறந்த கவுண்ட் பேசி. அவருடைய தாய் மற்றவர்களின் உடுப்புத் தோய்த்துக் கொடுத்து உழைத்தவர். அந்தக் காசில் பாடம் ஒன்றுக்கு 25 சதம் கொடுத்து மகனுக்குப் பியானோ படிப்பித்தவர். மகள் அவரைத்தான் எடுத்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொண்டது இன்னொருவரை. ஜேம்ஸ் பி. ஜோன்சன், 1894இல் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். எங்களில் பாதிப்பேர் றெயில் மாறுகிற, ஆஸ்பத்திரிக்குப் போகிற அதே நியூ பிரன்ஸ்விக். சார்ள்ஸ்ரன் என்ற ஆட்டம் உலகமெல்லாம் பரவியதே, அந்தப் பாட்டுக்கு 1923இல் மெட்டுப் போட்டவர் இவர்.

அவர் காலத்தில் தானாக வாசிக்கும் பியானோ என்று ஒன்று இருந்தது. நீளமான கடதாசிச் சுருளில் ஓட்டை ஓட்டையாக வெட்டியிருக்கும். காலால் மிதித்தால் காற்று இழுபட்டுச் சுருள் ஓடும். எந்த இடத்தில் ஓட்டை வருகிறதோ அந்தக் கட்டை, ஆள் இல்லாமல் பேய் வாசிப்பது போலத் தானாகக் கீழே போகும். ஜோன்சன் வாசித்த 'கரோலினா ஷவுட்' என்ற கடினமான துண்டு 1921இல் அப்படிச் சுருளாக வந்தது. வாஷிங்ரனில் இருந்த ஓர் இளைஞர் அந்தச் சுருளை மெதுவாக ஓடவிட்டு, கீழே போகும் கட்டைகளில் தன் விரலை வைத்து, முழுவதையும் பழகினார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டியூக் எலிங்ரன். நியூயோர்க்கில் ஃபட்ஸ் வோலரும் இப்படித்தான் சுருளைப் பார்த்துப் பழகியவர்.

இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் போனில் வேகத்தைப் பாதியாக்கி, விழும் கோட்டைப் பார்த்து விரல் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நூறு வருடத்துக்கு முந்திய யூரியூப் அல்லவா இது! இன்னொன்றும் யோசித்தேன். அண்ணா பெடலைச் சுற்றுவது குறைந்தால் கசற்றின் குரல் தடிக்கும். ஆனால் அந்தப் பியானோவில் சுருளை மெதுவாக ஓடவிட்டாலும் சுரம் மாறாது, ஏனென்றால் சத்தம் போடுவது கம்பிதான், சுருள் இல்லை. வேகம் மட்டும் குறையும். பழகுகிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேணும்?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எலிங்ரன் சுருளோடு நின்றவர் அல்ல. முதலாவது, சின்ன வயதிலேயே ஒரு ரீச்சரிடம் அடிப்படை பழகியிருந்தார். இரண்டாவது, அதே 1921இல் ஜோன்சன் வாஷிங்ரனுக்கு வந்தபோது, நண்பர்கள் பிடித்துத் தள்ள, அவருக்கு முன்னாலேயே மேடையேறி அவருடைய துண்டையே வாசித்துக் காட்டினார். பிறகு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று இரவு முழுக்க அவரோடேயே திரிந்து அவர் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஃபட்ஸ் வோலரும் அப்படித்தான், ஜோன்சனிடம் நேரே மாணவராகச் சேர்ந்தார்.

எனக்கு எட்டு மாதமாக விளங்காத விஷயம் அப்போதுதான் உறைத்தது. நான் ஆயிரம் தரம் வீடியோவைப் பார்த்தேன், வீடியோ ஒருதரமும் என்னைப் பார்க்கவில்லை. 'அப்' என்னைக் கேட்டது, அதுவும் சுரம் சரியா என்று மட்டும்தான். எந்த விரலால் அமத்தினேன், கை எப்படி வளைந்தது, தோள் எங்கே நின்றது என்று அதற்குக் கண் இல்லை. நட்சத்திரம் தந்துகொண்டே இருந்தது.

ஒரு அக்கா மூலமாக ரொறொன்ரோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அறிமுகமானார். அங்கே எங்கட பிள்ளைகள் நிறையப் பேர் றோயல் கொன்சர்வேற்றரியின் தரச் சோதனைகள் எடுக்கிறார்கள், அதற்கு ஆயத்தப்படுத்துகிறவர். மாதம் இரண்டு தரம் சூமில், அரை மணி நேரம். ரொறொன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம் என்பதால் காலை பத்தரைக்கு வசதி. சம்பளம் கேட்டேன், சொன்னார். கணக்குப் பார்த்தால் மாதம் ஒருநாள் ஓவர்ரைம். சரி என்றேன்.

முதல் நாள் என் திறமை எல்லாவற்றையும் காட்ட ஆயத்தமாக இருந்தேன். ரீச்சர் வாசிக்க விடவில்லை. "பிள்ளை, போனைப் பக்கவாட்டிலை வையும். உம்மட முழங்கையை எனக்குக் காட்டும்" என்றார். காட்டினேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கை நோகேல்லையோ?"

நான் கையில் பட்டி போட்டிருப்பதை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பாடத்துக்காகக் கழற்றி வைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்துவிட்டது, இப்போது சொல்வதில் என்ன.

விஷயம் மிகச் சாதாரணமானது. பியானோவின் கட்டைகள் நிலத்தில் இருந்து 28, 29 அங்குல உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசையே 30 அங்குலம். அதற்கு மேல் நாலு அங்குலக் கீபோட். நானோ பதிவான கதிரையில். முழங்கை கீழே, விரல் மேலே, நடுவில் மணிக்கட்டு ஒடிந்தாற்போல. முழங்கை கட்டையின் மட்டத்தில் அல்லது ஒரு சொட்டு மேலே நிற்க வேண்டும். இரண்டாவது, பெருவிரலை ஒன்று என்று எண்ணிச் சின்னிவிரல் ஐந்து. ஏறிப்போகும்போது ஒன்று, இரண்டு, மூன்று வாசித்துப் பெருவிரலைக் கீழால் நுழைத்துத் திரும்ப ஒன்றில் தொடங்க வேண்டும். நான் ஐந்து வரைக்கும் போய், கையைத் தூக்கிப் பாய்ந்துகொண்டிருந்தேன். சுரம் சரி, அதற்கு நட்சத்திரமும் கிடைத்தது! மூன்றாவதுதான் பெரிய பிழை. நான் அமத்துவது மூடி இறுக்குகிற மாதிரி. முழுப்பலமும் போட்டு.

பழைய கீபோட்டில் எப்படி அமத்தினாலும் ஒரே சத்தம்தான். மெதுவாகத் தொட்டாலும் அவ்வளவு, ஓங்கிக் குத்தினாலும் அவ்வளவு. அதனால் கைக்கு மென்மை என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டது. உண்மையான பியானோ அப்படி இல்லை. அதன் பெயரே அதுதான். 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்ரோஃபோரி என்பவர் இதைச் செய்தபோது 'மெதுவாகவும் பலமாகவும் ஒலிப்பது' என்ற கருத்தில்தான் பெயர் வந்தது. அதற்கு முந்திய வாத்தியத்தில் கம்பியைச் சுண்டிவிடும், எப்படி அமத்தினாலும் ஒரே அளவு. கிறிஸ்ரோஃபோரி சுண்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்ட வைத்தார். கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறதோ அவ்வளவுக்குச் சத்தம். தட்டிய உடனே சுத்தியல் கம்பியை விட்டு விலகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் கட்டையில் நின்று எவ்வளவு நெரித்தாலும் அந்தச் சத்தம் கூடாது. நான் எட்டு மாதமாக நெரித்துக்கொண்டிருந்தது வீண் பலம்.

அவர் செய்தவற்றில் இன்று மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. அதில் மிகப் பழையது, 1720இல் செய்தது, நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் றெயில் பிடித்துப் போய்ப் பார்த்தோம். நியூ ஜேர்சியில் படிக்கும் மாணவர்கள் அடையாள அட்டை காட்டினால் தங்களால் இயன்றதைக் கொடுத்து உள்ளே போகலாம், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் காசே இல்லை. பெற்றோர்தான் முழுக்காசு கட்ட வேண்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். முந்நூறு வருடத்துப் பெட்டி, மெல்லிசாக, எங்கட ஊர்ப் பெட்டகத்துக்குக் கால் வைத்தது மாதிரி நிற்கிறது. மகள் "அம்மா, இதையும் சாப்பாட்டு மேசையிலை வைப்பியளோ?" என்று கேட்டாள்.

இவர் குப்பைக்குப் போக இருந்த ஒரு பலகை மேசையைக் கொண்டுவந்து நாலு காலையும் வாளால் அரிந்து 24 அங்குலம் ஆக்கித் தந்தார். கதிரைக்கு ஒரு மெத்தை. வாசிப்பு ஒருநாளைக்கு இருபது நிமிஷம், அதற்கு மேல் ரீச்சர் விடவில்லை. வேலையிலும் மூடி இறுக்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கப் பழகினேன், அதற்கும் ரீச்சர்தான் காரணம். ஐந்து மாதத்தில் விறைப்பு விட்டது. நோவு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். லைன் வேகமாக ஓடும் நாளில் இன்றைக்கும் தெரியும். கை நோகிறவர்கள் என்னைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டாம், டொக்ரரிடம் போங்கோ.

சூம் பாடத்திலும் குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. ரீச்சர் தட்டுகிற தாளம் எனக்கு ஒரு கணம் பிந்தி வரும், நான் வாசிப்பது அவருக்கு இன்னொரு கணம் பிந்திப் போகும். ஆகவே நான் வாசிக்க அவர் கேட்பார், அவர் வாசிக்க நான் கேட்பேன். தாளம் மட்டும் நானே காலில் போட வேண்டும். அடுத்தது, சூம் பேச்சுக்காகச் செய்தது. பியானோவின் நீண்ட ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ரீச்சருக்கு நான் பாதி சுரத்தை விழுங்கியது போலக் கேட்கும். சூமின் ஒலி அமைப்புக்குள் போனால் இசைக்காரர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் வெட்டாது. பிள்ளைகளுக்குச் சங்கீதமோ வயலினோ சூமில் படிப்பிக்கிற பெற்றோர் இதைக் கட்டாயம் செய்து பாருங்கோ. எத்தனை பிள்ளைகள் சும்மா ஏச்சு வாங்கியிருக்குமோ!

வீடியோவை நான் விட்டுவிடவில்லை. இப்போதும் பார்க்கிறேன். ஒரு துண்டை மெதுவாக்கி நூறு தரம் கேட்க ரீச்சரிடம் முடியாது, வீடியோவிடம் முடியும். ரீச்சரிடம் போவது பதினைந்து நாளைக்கு ஒருதரம், என் பிழையைக் காட்ட. காசு இல்லையென்றால் மாதம் ஒருதரம் போதும், அதுவும் இல்லையென்றால் தெரிந்த ஒருவரிடம் பக்கவாட்டில் எடுத்த வீடியோவையாவது அனுப்புங்கோ. யாராவது ஒருவர் உங்களைப் பார்க்க வேண்டும். இளையராஜா அவர்கள் தூரத்தில் இருந்தபடியே லண்டன் திரினிற்றிக் கல்லூரியின் கிற்றார்ச் சோதனையில் தங்கப்பதக்கம் எடுத்தவர் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அவருக்குச் சென்னையில் தன்ராஜ் மாஸ்ரர் பக்கத்தில் இருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவோம்.

ஒரு சின்ன விஷயம். முதற்பாடம் முடியும்போது ரீச்சர் "அடுத்தமுறைக்கு வீட்டுவேலை, எழுதிக்கொள்ளும்" என்றார். மகளின் கொப்பியைக் கிழித்து எழுதினேன். ஏ.எல். எடுத்துப் பதினாறு வருடத்துக்குப் பிறகு ஒரு ஆசிரியர் எனக்கு வீட்டுவேலை தந்தார். அந்தக் கடதாசி இன்றைக்கும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

என்னிடம் சிலர் கேட்கிறார்கள், "இந்த வயதிலை இது என்னத்துக்கு? மேடையேறப் போறீரோ?" என்று. 2019இல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் இந்த நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டொலர் பரிசு எடுத்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களில் பலர் பிள்ளைகளுக்குக் கீபோட் வாங்கினோம். பிள்ளை அப்படி வராவிட்டால் கீபோட் கட்டிலுக்குக் கீழே போகிறது. நான் மேடையேறப் போவதில்லை. ஊரில் இருக்கிற அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் வாசிக்கிறேன். அவருக்கு மேற்கத்தைய சங்கீதம் ஒன்றும் பிடிக்காது, அந்தக் கறுப்புக் கட்டை மோகனத்தைத்தான் கேட்பார். போன மாதம் நெற் சரியில்லை. நான் வாசித்தது அங்கே விட்டுவிட்டு, இழுபட்டுக் கேட்டிருக்கிறது. அப்பா சிரித்துப்போட்டுச் சொன்னார்: "கொண்ணன் சுத்துறதை நிப்பாட்டிப்போட்டான் போலை."

நேரம் முடிகிறது என்று செயலாளர் அண்ணை மணிக்கூட்டைக் காட்டுகிறார். கடைசியாக ஒரு அறிவித்தல். நான் இப்போது பாரம் வைத்த 88 கட்டைக் கீபோட் ஒன்று தவணைக் காசுக்கு எடுத்திருக்கிறேன். பழைய 61 கட்டை சும்மா இருக்கிறது. இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் போர்வையால் மூடி வைத்திருக்கு. மேலே கடைசிக் கறுப்புக் கட்டை ஒன்று ஒலிக்காது, மற்றதெல்லாம் நல்லம். காசு வேண்டாம். பிள்ளைக்கென்றாலும் சரி, தனக்கென்றாலும் சரி, கேட்பவர் கொண்டுபோகலாம். கால் அரிந்த மேசையும் காரில் இருக்கு, அதையும் சேர்த்துத்தான் தருவேன்.